என் பெயரில் இன்னொருத்தியின் கடன்

பண்ணாரி அம்மன் குங்குமத்தை வைத்துக்கொண்டுதான் அன்று பேங்குக்குப் போனோம். 2024 மே மாதம். ஈரோட்டில் கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மீதிக்கு நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து கடன் கேட்டிருந்தோம். இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டினால்தான் வேண்டிய தொகை வரும். லோன் ஆபீசர் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "சாருக்குப் பிரச்சினை இல்லீங்க. மேடத்துக்குத்தான் சிபில் இடிக்குது. 612 காட்டுது. ரைட் ஆஃப் ஒண்ணு வேற இருக்குதுங்க."

சிபில் என்பது நாம் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மார்க். ரைட் ஆஃப் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 14 வருஷமாக ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இனி வராது என்று முடிவு கட்டிய பாக்கியை ஏட்டில் அப்படித்தான் தள்ளுவோம். என்னையே ஒருவர் அப்படித் தள்ளியிருப்பார் என்று நினைத்ததில்லை. நான் வாங்கிய கடன் இரண்டே இரண்டு. ஒரு ஸ்கூட்டர், ஒரு ஃபிரிட்ஜ். இரண்டும் கட்டி முடித்தவை.

"எந்தக் கம்பெனிங்க அது?" என்று கேட்டேன்.

"மத்த கம்பெனி பேரெல்லாம் எங்களுக்குக் காட்டாதுங்க மேடம். உங்க ரிப்போர்ட்டை நீங்களே எடுத்தீங்கன்னா பேரோட வரும்."

அன்று சாயங்காலமே அதை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் "ஒரு பேங்க் இல்லைன்னா இன்னொண்ணு" என்றார். அதைக் கேட்டு மேலும் இரண்டு இடத்தில் மனுப் போட்டேன். இரண்டிலும் இதே பதில். போதாததற்கு, கடன் கொடுப்பவர்கள் ஒவ்வொரு முறை நம் ரிப்போர்ட்டைத் திறக்கும்போதும் அது 'என்கொயரி' என்று பதிவாகிவிடும். இவள் ஊரெல்லாம் கடன் கேட்டு அலைகிறாள் என்று அடுத்த பேங்க் படித்துக்கொள்ளும். அந்த இரண்டும் நான் போட்ட மனுக்கள்தான் என்பதால் அவற்றை நீக்கச் சொல்லவும் முடியாது. நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. குறையும் என்ற பயத்தில் பலர் பார்க்காமலே இருக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், நம் கடன் கணக்குகளைத் திரட்டி ரிப்போர்ட்டும் ஸ்கோரும் போடும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஜெராக்ஸ் மாதிரி ஒன்றின் பெயரே எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. 2005-இல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 முதல் நான்குமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவர்கள் தளத்தில் மாதச் சந்தா, வருஷச் சந்தா என்று பெரிய எழுத்தில் இருக்கும். இலவசம் என்பதைக் கீழே தேடித்தான் எடுக்க வேண்டும். பான் எண்ணையும் மொபைல் ஓடிபியையும் கேட்பார்கள்.

முதலில் ஒரே ஒரு நிறுவனத்தின் ரிப்போர்ட்டைத்தான் எடுத்தேன். பட்டறை பிரிண்டரில் பிரிண்ட் போட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நான்கு இடத்தில் பேனா நின்றது.

ஒன்று, 35,000 ரூபாய் குழுக் கடன். ரைட் ஆஃப். நான் எந்த மகளிர் குழுவிலும் இருந்ததில்லை. இரண்டு, 2019-இலேயே கட்டி முடித்த ஸ்கூட்டர் கடன் இன்னும் முடியாத கணக்காக, 590 ரூபாய் பாக்கியோடு இருந்தது. எத்தனை நாள் தாமதம் என்று மாதாமாதம் ஒரு கட்டத்தில் எண் போடுவார்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு அது மூன்று சைபர். எனக்கு 36 மாதக் கட்டமும் பெரிய பெரிய எண்களாக இருந்தன. மூன்று, மன்னார்குடிப் பக்கத்து விலாசம் ஒன்றும், என்னுடையதல்லாத வாக்காளர் அட்டை எண் ஒன்றும். நான் மன்னார்குடிக்குப் போனதே கிடையாது. நான்கு, ஒரு மினி லோடு வண்டிக் கடன், நாலரை லட்சம், நடுவில் 30, 60 என்று தாமதம். இதுவும் என்னுடையதில்லை என்று சிவப்பில் சுழித்தேன். அந்தச் சுழிக்கு அப்புறம் வருகிறேன்.

மன்னார்குடி விலாசத்தைப் பார்த்ததும் விஷயம் பாதி புரிந்துவிட்டது. என் பெயர் தெருவுக்கு மூன்று பேருக்கு இருக்கிற பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் இனிஷியல் போட முடியாது என்பதால் அதில் என் பெயரோடு அப்பா பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். ஸ்கூட்டர் வாங்கும்போது கடைப் பையன் இனிஷியலே இல்லாமல் எழுதிவிட்டான். ஆக ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பிறந்த தேதியும் நம்மூரில் கேட்கவே வேண்டாம். நான் பிறந்தது ஐப்பசியில். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயசு சரியாக வர வேண்டுமென்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டார், இன்றுவரை அதுதான். அவர் மாதிரி எத்தனை வாத்தியார்கள் எத்தனை பிள்ளைகளுக்கு அதே ஜூனைப் போட்டிருப்பார்களோ. குழுக் கடன்களில் பெரும்பாலும் பான் இருக்காது, வாக்காளர் அட்டையை வைத்துத்தான் கொடுத்தார்கள். பெயர், தேதி, விலாசம் என்று பொருத்திப் பார்த்து இரண்டு பேரை ஒரே ஃபைலில் கோத்துவிட்டது கம்ப்யூட்டர்.

ஜூன் 10-ஆம் தேதி ஆன்லைனில் ஆட்சேபம் பதிவு செய்தேன். காசு கிடையாது. ரிப்போர்ட்டின் தலையில் ஒரு கன்ட்ரோல் நம்பர் இருக்கும், அதை வைத்துக்கொண்டால் போதும். எந்தக் கணக்கு, அதில் எந்த விவரம் தப்பு என்று தேர்வு செய்யச் சொல்கிறது. குழுக் கடனுக்கு நான் 'நிலுவைத் தொகை தவறு' என்பதைத் தட்டினேன். நான் தர வேண்டிய பாக்கி பூஜ்யம்தானே என்ற எண்ணம்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. விவரம் சரியானது என்று கடன் கொடுத்த நிறுவனம் உறுதி செய்துவிட்டதாம், மாற்றம் எதுவும் இல்லையாம். ரத்தம் கொதித்தது. இரண்டு நாள் கழித்து ஆற அமர யோசித்தால், அவர்கள் சொன்னதில் பிசகே இல்லை. நான் கேட்டது பாக்கித் தொகை சரியா என்று. அந்தப் பெண்ணின் பாக்கி அவ்வளவுதான். நான் கேட்டிருக்க வேண்டியது 'இந்தக் கணக்கு என்னுடையதே இல்லை' என்று. அதற்குத் தனியாக ஒரு தேர்வு இருந்தது. கவனிக்கவில்லை.

ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனம் தானாக ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. ஆட்சேபத்தைக் கடன் கொடுத்தவரிடம் தள்ளிவிடும், அவர் ஆம் என்றால்தான் மாற்றம். இது தெரிந்ததும் பட்டனை நம்பி உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டு, மற்ற மூன்று நிறுவனங்களின் இலவச ரிப்போர்ட்டையும் எடுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். ஸ்கூட்டரின் 590 நான்கிலும் இருந்தது. குழுக் கடன் ஒன்றில் மட்டுமே இருந்தது.

கடன் கொடுக்கும் நிறுவனங்கள் நான்கிலும் உறுப்பினராக இருந்து நான்குக்கும் தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2015-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அப்படியானால் தப்பு நான்கிலும் இருந்தால் அனுப்பியவரே தப்பாக அனுப்பியிருக்கிறார், அவரைப் பிடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் கோத்த இடத்தில் பிசகு. நான்கு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை யாரிடம் சண்டை போடுவது என்பதே எனக்குத் தெரியவில்லை.

குழுக் கடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு என் பான் எண்ணைச் சொன்னேன். "உங்க பேர்ல எங்ககிட்ட கடனே இல்லையே மேடம்" என்றாள் அந்தப் பெண். ரிப்போர்ட்டில் இருந்த கடன் எண்ணைச் சொன்னால், "அது இருக்கு, ஆனா நீங்க இல்லையே, அந்த விவரத்தை உங்களுக்குச் சொல்ல முடியாது." இதைவிட நல்ல பதில் எனக்கு என்ன வேண்டும்! இதையே எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த வார்த்தையோடு போன் நிலை மாறிவிட்டது. மேலதிகாரி, லைனில் காத்திருங்கள், கட். நான்காவது முறைக்கு அப்புறம் போனை விட்டுவிட்டு, அவர்கள் தளத்தில் இருந்த குறைதீர்ப்பு அதிகாரியின் மெயிலுக்கு எழுதினேன்.

என் முதல் மெயில் இரண்டு பக்கம். வீடு, அட்வான்ஸ், நான் யாரையும் ஏமாற்றினதில்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "பட்டறையில பில்லுல தப்பு வந்தா பார்ட்டிக்கு இப்படியா எழுதுவ?" என்றார். சுருக்கென்றது. அழித்துவிட்டு, டெபிட் நோட் எழுதுகிற மாதிரி எழுதினேன். கடன் எண் இது. ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது. இந்தக் கடனின் ஆவணங்களில் உள்ள பான், ஆதார், போட்டோ என்னுடையவை அல்ல என்பதைச் சரிபார்த்து, இந்தப் பான் வைத்திருப்பவர் உங்கள் கடனாளி இல்லை என்று உறுதி செய்யவும். இணைப்பு: பான், ஆதார், வாக்காளர் அட்டை நகல், ரிப்போர்ட்டின் அந்தப் பக்கம். அந்த நகல்களின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறேன் என்றும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடன் எண் வேறாக இருந்தால் மெயிலும் வேறாக எழுத வேண்டும் என்று அப்போதே வைத்துக்கொண்டேன். இரண்டு புகாரை ஒன்றில் எழுதினால் சுலபமானதற்குப் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஒன்பது நாளில் மூன்று வரிப் பதில் வந்தது. அந்தக் கடன் எண்ணுக்கும் என் பானுக்கும் தொடர்பில்லை. அந்த மூன்று வரியை இணைத்து, இந்த முறை 'கணக்கு என்னுடையதில்லை' என்பதைத் தேர்வு செய்து மறுபடி ஆட்சேபம் போட்டேன். கூடவே விலாசத்துக்கும் வாக்காளர் அட்டை எண்ணுக்கும் தனித்தனியாக ஆட்சேபம். கடனை மட்டும் நீக்கி, மன்னார்குடி விலாசத்தையும் அட்டை எண்ணையும் விட்டுவைத்திருந்தால், அந்தப் பெண் அடுத்த கடன் வாங்கும்போது அதுவும் என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூன்றும் போயின. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அவள் ஃபைலில் என் ஸ்கூட்டர் ஏறி உட்கார்ந்திருந்ததோ என்னவோ.

ஸ்கூட்டர் கதை வேறு ரகம். 2019-இல் கடைசி டியூவின்போது என் சம்பளக் கணக்கு வேறு பேங்குக்கு மாறிவிட்டது. டியூ பவுன்ஸ் ஆனது. நேரில் போய்ப் பணமாகக் கட்டி ரசீது வாங்கினேன். இரண்டு வாரத்தில் என்ஓசி, அதாவது கடன் முடிந்தது என்ற சான்று, கொடுத்தார்கள். ஆர்டிஓ ஆபீஸில் ஆர்சி புத்தகத்திலிருந்து ஹெச்பி என்கிற அடமானக் குறிப்பை நீக்கியாயிற்று. அப்படியிருக்க 590 எங்கிருந்து? கணக்குப் பிள்ளை மூளைக்கு அது ஒரு நிமிஷ வேலை. பவுன்ஸ் சார்ஜ் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90. டியூ வாங்கியவர்கள் அன்றைக்கு அதைக் கேட்கவே இல்லை. பாக்கி ஏதும் இல்லை என்று என்ஓசியும் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் மட்டும் அஞ்சு வருஷமாக என்னைக் கடன்காரியாக வைத்திருந்தார்கள். ஒரு போன், ஒரு கடிதம் கிடையாது.

கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி நல்லவன்தான். "590 ரூபாய்தானேக்கா, கட்டிட்டுப் போயிருங்க. நாளைக்கே குளோஸ் பண்ணிரலாம்." ஒரு நிமிஷம் பர்ஸைத் திறந்தேன் என்பது உண்மை. வெயில், லீவு போட்டு வந்திருக்கிறேன், 590 ரூபாய். ஆனால் இப்போது கட்டினால் என்ன ஆகும்? இன்று முதல் கணக்கு மூடியிருக்கும். பின்னால் உள்ள 36 கட்டமும் அப்படியே இருக்கும். இவள் 590 ரூபாயை அஞ்சு வருஷம் இழுத்தடித்துக் கட்டினாள் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. 'செட்டில்டு' என்று போட்டுவிட்டால் இன்னும் மோசம். கேட்க நல்ல வார்த்தை மாதிரி இருக்கும், அர்த்தம் என்னவோ முழுசாகத் தராமல் பேரம் பேசி முடித்தாள் என்பது. நமக்கு வேண்டிய சொல் 'குளோஸ்டு'. கட்ட மாட்டேன் என்று சொல்லி, எழுத்தில் மூன்றைக் கேட்டேன். நிலுவையைப் பூஜ்யமாக்க வேண்டும். என்ஓசி தேதியிலேயே கணக்கு மூடப்பட்டதாகக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகான மாதங்களில் உள்ள தாமதக் கணக்கை நீக்க வேண்டும். மூன்றாவதை யாரும் தானாகச் செய்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

இந்த நிறுவனம் பதிலே சொல்லவில்லை. இங்கே 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட ஓர் உத்தரவு கை கொடுத்தது. 2024 ஏப்ரல் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நமக்கு 100 ரூபாய் தர வேண்டும். கடன் கொடுத்தவருக்கு அதில் 21 நாள். அவர் அதற்குள் விவரம் அனுப்பாவிட்டால் தண்டம் அவருடையது. அனுப்பியும் ரிப்போர்ட் நிறுவனம் மாற்றாமல் இருந்தால் அவர்களுடையது. ஸ்கோர் ஏன் குறைவு என்று கேட்கிற புகாருக்கு மட்டும் இது கிடையாது. ஜூலை 10 தாண்டியதும், உத்தரவைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். இனியும் இழுத்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போவேன் என்றும் எழுதினேன். வெறும் மிரட்டல் இல்லை. நிறுவனத்திடம் புகார் செய்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ஒம்புட்ஸ்மனுக்கு ஆன்லைனில் இலவசமாக எழுதலாம், 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். 2022 செப்டம்பர் முதல் ரிப்போர்ட் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

அங்கே போகத் தேவைப்படவில்லை. ஜூலை 29-ஆம் தேதி மூன்றும் சரியாயின. 19 நாள் தாமதத்துக்கு 1,900 ரூபாய் பேங்க் கணக்குக்கு வந்தது. அவர்கள் கேட்ட 590 போக 1,310 லாபம் என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். நான் போட்ட மூன்று நாள் லீவை அவர் கழிக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஆள் வந்தான். 'சிபில் கிளியர் செய்து தரப்படும்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்த எண். 8,000 ரூபாய் கேட்டான். என்ன செய்வீர்கள் என்று துருவியதில், என் ஓடிபியை வாங்கி அதே ஆட்சேபப் பட்டனைத் தட்டுவதுதான் அவன் வித்தை. என் பான், ஆதார், ஓடிபி மூன்றையும் ஒரு முன்பின் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டு அதற்குக் கூலியும் தர வேண்டுமாம்.

இப்போது நாலாவது சுழி. மினி லோடு வண்டி. அதையும் என்னுடையதில்லை என்று போட்டிருந்தேன். சரியான விவரமே என்று பதில் வந்தது. நானும் விடாமல், சொந்தம் யாருக்கு என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஜாமீன்தாரர் என்றிருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. 2022-இல் என் தம்பி வண்டி எடுத்தபோது, "அக்கா, ஒரு கையெழுத்துதான், ஃபார்மாலிட்டி" என்றான். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் ஏழெட்டு இடத்தில் போட்டுக் கொடுத்தேன். ஊரார் பில்லையெல்லாம் வரி வரியாகப் படிக்கிறவள், அதில் ஒரு வரி படிக்கவில்லை.

ஜாமீன் போட்ட கடன் நம் ரிப்போர்ட்டிலும் ஏறும். அவன் டியூ தவறினால் தாமதக் கணக்கு எனக்கும் விழும். இதில் தப்பு எதுவும் இல்லை, ஆட்சேபம் போட எனக்கு உரிமையும் இல்லை. ஜாமீனிலிருந்து விலகலாமா என்று அந்த நிறுவனத்தில் கேட்டேன். வேறு ஆளைக் கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். வேறு ஆளுக்கு எங்கே போவது?

தம்பியிடம் கேட்டேன். சரக்கு ஓடாத மாதங்கள் என்றான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா நீ கட்டுவேன்னு தெரியும்க்கா, அதான் சொல்லல" என்றான். அந்தப் பதிலுக்கு நான் கோபப்படுவதா இல்லையா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. அம்மா இரண்டு பக்கமும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். செப்டம்பரில் பாக்கி நின்ற டியூவை அவனே கட்டிவிட்டான், நான் பாதி கொடுத்தேன் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், அவன் மனைவிக்குத் தெரியாது.

ஸ்கோர் உடனே எகிறவில்லை. ஆகஸ்ட் கடைசியில் 688. 2025 ஜனவரியில் மறுபடி மனுப் போட்டபோது 731. அந்த மாதத்திலிருந்து கடன் விவரங்களை 15 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று விதி மாறியது, அதற்கு முன்னால் மாதத்துக்கு ஒருமுறைதான். அதே லோன் ஆபீசர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த ஜாமீன்ல பழைய லேட் இருக்குதுங்களே" என்று ஆரம்பித்தார். அது உண்மைதாங்க, இப்போது பாக்கி இல்லை, இதோ ஸ்டேட்மென்ட் என்று எடுத்து வைத்தேன். வட்டியில் கால் சதவீதம் கூடப் போட்டுக் கடன் கொடுத்தார்கள். வீடு எங்களுக்காகக் காத்திருந்தது, விலை மட்டும் ஒன்றரை லட்சம் ஏறியிருந்தது.

ஒரு அட்டைக் கோப்பு வைத்திருக்கிறேன். என்ஓசி, ரசீது, மெயில் பிரிண்ட், நான்கு ரிப்போர்ட். ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இலவச ரிப்போர்ட்டுகளைப் பிரித்துப் பிரித்து எடுக்கிறேன், வருஷம் முழுக்க ஒரு கண் இருக்கும். ஒவ்வொரு மாதமும் அஞ்சாம் தேதி தம்பியிடமிருந்து டியூ கட்டிய ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வரும். கூட ஒரு வார்த்தை இருக்காது. நானும் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டுவிடுவேன். போன மாதம் ஏழாம் தேதிதான் வந்தது. அந்த இரண்டு நாளும் நான் அவனைக் கூப்பிடவில்லை, போனை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.